தண்டுவடக் காயத்துக்குக் கதிர்வீச்சு: எத்தனை கிரே, எத்தனையாவது நாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர்களுக்குக் கதிர்வீச்சால் விடிவு பிறக்கலாம் என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தோம். செய்தியில் பொய் இல்லை. ஆனால் ஆய்வு எலிகளில் நடந்தது என்பது கடைசிப் பத்தியில்தான் வருகிறது. எத்தனை கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தார்கள், அடிபட்டு எத்தனையாவது நாளில் கொடுத்தார்கள் என்ற விவரமே இல்லை. இந்தச் சிகிச்சை பலிப்பதும் கெடுப்பதும் அந்த இரண்டில்தான் இருக்கிறது என்பதால் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையினரான நாங்கள் எழுதுகிறோம்.

தண்டுவடம் நசுங்கும் நொடியில் ஏற்படுவது சேதத்தின் ஒரு பகுதிதான். அடுத்தடுத்த நாட்களில் ரத்தக்கசிவு, வீக்கம், ரத்த ஓட்டக் குறைவு, அழற்சி எல்லாம் சேர்ந்து பிழைத்திருக்கும் திசுவையும் அரிக்கின்றன. அந்த இடத்தில் அஸ்ட்ரோசைட், மைக்ரோகிளியா போன்ற துணைச் செல்கள் மளமளவென்று பெருகி வடுவாக இறுகுகின்றன. நடுவில் குழி விழுகிறது. கதிர்வீச்சு பிரிந்து பெருகும் செல்களைத்தான் அதிகம் கொல்லும். நரம்புச் செல்கள் பிரிவதில்லை. அப்படியானால், பெருகும் வேளை பார்த்துக் கதிர்வீச்சு கொடுத்தால் தடையாக நிற்கும் செல்களை மட்டும் களையெடுக்கலாமே என்பதுதான் மூல யோசனை.

நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் நூரிட் கால்டரானும் ட்ஸ்வி ஃபுக்ஸும் இதை எலிகளில் செய்து பார்த்து 1996இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் எக்ஸ் கதிர் பாய்ச்சியபோது திசு சிதைவது குறைந்தது, சில நரம்புத் தொடர்புகள் மீண்டன. காயம் பட்ட மூன்றாவது வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டது. 2000இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். எலிகளின் தண்டுவடத்தை நசுக்கிய இரண்டாம் நாளே 2, 5, 10, 20 கிரே என்று தனித்தனி எலிக் கூட்டங்களுக்கு ஒரே தடவையில் கொடுத்தார்கள். 20 கிரே நஞ்சாக முடிந்தது, 10 கிரேயும் ஓரளவு அப்படித்தான். மேலாக நின்றது 2 கிரே. பின்னர் சீனாவில் பீகிள் நாய்களில் குறைந்த அளவைப் பல தடவையாகப் பிரித்துக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். ஆக, எந்த நாள், எவ்வளவு என்பதில் ஆய்வுகளுக்குள்ளேயே உடன்பாடு இல்லை.

2 கிரேக்கும் 20 கிரேக்கும் பத்து மடங்குதானே வித்தியாசம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே தடவையில் கொடுக்கும்போது தண்டுவடத்தில் சேதம் அளவைவிட வேகமாக ஏறும். இதைக் கணக்கிட எங்கள் துறையில் ஒரு சூத்திரம் உண்டு: ஒரு தடவைக்குரிய அளவோடு 2ஐக் கூட்டி, 4ஆல் வகுத்து, மொத்த அளவால் பெருக்க வேண்டும். வழக்கமான தினசரி 2 கிரே வீதத்தில் அது எத்தனை கிரேக்குச் சமம் என்று விடை வரும். ஒரே தடவை 13 கிரே ஏறக்குறைய 49க்குச் சமம். ஒரே தடவை 20 கிரேயோ 110க்குச் சமம். இவ்வளவு பெரிய அளவில் சூத்திரம் துல்லியமாக இராது என்றாலும் போக்கு இதுதான். புற்றுநோய்ச் சிகிச்சையில் தண்டுவடத்துக்கு 50 கிரேயை ஒட்டியே நிறுத்திக்கொள்கிறோம். தினம் 2 கிரே வீதம் 50 வரை போனால் தண்டுவடம் பழுதாகும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு, 60இல் நூற்றுக்கு ஆறு, 69இல் பாதிக்குப் பாதி என்பது 2010இல் தொகுக்கப்பட்ட மதிப்பீடு. இவையும் அடிபடாத தண்டுவடத்துக்கான எண்கள். வீங்கி, ரத்த ஓட்டம் குறைந்து கிடக்கும் தண்டுவடம் இவ்வளவு தாங்கும் என்று நம்பி இறங்க முடியாது.

இந்தப் பழுது உடனே தெரியாது, ஆறு மாதம் முதல் சில ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். ஏற்கெனவே செயலிழந்தவருக்கு இனி இழக்க என்ன இருக்கிறது என்று உறவினர்கள் கேட்பதுண்டு. இருக்கிறது. கழுத்தில் ஆறாம் மட்டம் வரை நரம்பு வேலை செய்பவர் மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்குவார். தூக்கும்போது விரல்கள் தாமாக மடங்கும். அந்தப் பிடியில்தான் அவர் தம்ளரைப் பிடிக்கிறார், பல் துலக்குகிறார். சேதம் ஒரே ஒரு மட்டம் மேலே ஏறினால் முழங்கையை மடக்க முடியும், மணிக்கட்டு தொங்கிவிடும். தானே சாப்பிடுகிறவர் ஊட்டிவிடக் காத்திருப்பார். விபத்தில் சிக்குகிறவர்களில் இளவயதினர் நிறைய. பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் புற்றுநோய் வரும் அபாயத்தையும் அவர்கள் விஷயத்தில் கணக்கில் எடுக்க வேண்டும்.

வடுவே எதிரிதானா என்பதும் முடிந்த வழக்கு அல்ல. அஸ்ட்ரோசைட் வடு நரம்பு இழைகள் மீண்டும் வளரத் துணைசெய்கிறது என்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தினர் 2016இல் காட்டினார்கள். அழற்சி பரவாமல் அணைகட்டுவதும் அந்தச் செல்கள்தான். வேளை தவறிக் களையெடுத்தால் பயிர் போய்விடும்.

மனிதர்களில் செய்து பார்ப்பது என்றால் நடைமுறைச் சிக்கல்களும் வரிசை கட்டும். அடிபட்டவர்களில் பலருக்கு முதல் சில நாட்களிலேயே டைட்டானியம் கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து முதுகெலும்பை நிலைநிறுத்திவிடுகிறார்கள். சிடி படத்தில் உலோகத்தைச் சுற்றிக் கறுப்பு, வெள்ளைக் கீற்றுகள் விழும். திட்டமிடும் கணினி அதை எலும்பு என்றும் காற்று என்றும் தப்பாகப் படிக்கும். கீற்றுகளைக் குறைக்கும் மென்பொருளோடு படமெடுத்து, எஞ்சியதைக் கையால் திருத்தி அடர்த்தி கொடுக்காவிட்டால் கணக்கே பிசகும். எம்ஆர்ஐயிலும் உலோகத்தை ஒட்டிப் படம் கோணும், தண்டுவடத்தின் விளிம்பு எங்கே என்றே சொல்ல முடியாது. அறுவை செய்த தோலில் உடனே கதிர்வீச்சு பட்டால் தையல் பிரியும். அதனால் புற்றுநோயாளிகளுக்கே பொதுவாக இரண்டு வாரமாவது விடுவோம். இரண்டாம் நாளே கொடுக்க வேண்டும் என்ற எலி ஆய்வை இங்கே அப்படியே எப்படிப் பொருத்துவது?

மேஜையில் படுக்கவைப்பதிலும் கவனம் வேண்டும். நடுமுதுகின் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம். தலை வெடிப்பதுபோல் வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். படுக்கவைக்கும் முன் சிறுநீரை வெளியேற்ற வேண்டும், சிறுநீர்க் குழாய் (கத்தீட்டர்) மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேஜையோ கடினமான கார்பன் பலகை. உணர்வில்லாத இடுப்பில் அரை மணி நேர அழுத்தமே படுக்கைப் புண்ணுக்கு வித்திடலாம்.

இன்னொன்று, அடிபட்ட தண்டுவடம் முதல் சில வாரங்கள் செயலற்றுக் கிடக்கும் அதிர்ச்சி நிலை அடங்கியதும், பகுதி மட்டுமே சேதமானவர்களுக்கு ஆறேழு மாதங்களில் ஓரளவு அசைவு தானாகவே திரும்புவது வழக்கம். அந்தக் காலத்தில் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குப் போகும். ஒப்பீட்டுக் குழு இல்லாத வெற்றிக் கதைகளை நாங்கள் ஏற்காததற்குக் காரணம் இதுவே.

இன்றைக்கே பயன்படும் இடங்கள் உண்டு, அவற்றைத்தான் மக்கள் அறிய வேண்டும். தண்டுவடம் அடிபட்ட சில வாரங்களில் இடுப்பு மூட்டைச் சுற்றித் தசைக்குள் புது எலும்பு வளரத் தொடங்கலாம். தொடை வீங்கிச் சுடும், காய்ச்சல் வரலாம், பிசியோதெரபியில் கால் முன்புபோல் மடங்காது. ரத்தக்கட்டு என்றோ கிருமித் தொற்று என்றோ தவறாக எண்ணப்படுவதும் சாதாரண எக்ஸ்ரேயில் தொடக்கத்தில் தெரியாததும் இதில் உள்ள வம்பு. அந்த எலும்பை அறுத்து எடுத்தபின் மீண்டும் வளராமலிருக்க, அறுவைக்கு முந்தைய ஒரு நாளுக்குள் அல்லது பிந்தைய மூன்று நாட்களுக்குள் இடுப்புக்கு 7 அல்லது 8 கிரே ஒரே தடவை கொடுக்கலாம். இங்கும் பெருகும் செல்களைத் தடுப்பதே வேலை. தண்டுவடம் கதிரின் பாதையில் வராது.

புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்தும்போது கதிர்வீச்சு அவசரச் சிகிச்சை. படுத்தால் கூடும் இரவு நேர முதுகுவலி, கால் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு இருந்தால் அன்றைக்கே முழு முதுகெலும்புக்கும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். நடை போவதற்குள் வந்தவர்களே பெரும்பாலும் நடையைத் தக்கவைக்கிறார்கள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பேட்செல் குழுவின் ஆய்வில் அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினர் நடந்தார்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 விழுக்காட்டினர். இரு தரப்புக்கும் 30 கிரே, பத்துத் தடவையாக. நம் நாட்டில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும்: முதுகெலும்பு நொறுங்கிக் கால் தளர்வதற்குக் காசநோயும் காரணமாகும். புற்றுநோய் என்று முன்பே உறுதியாகாதவரிடம் திசுப் பரிசோதனை செய்யாமல் கதிர்வீச்சைத் தொடங்கக் கூடாது.

அடிபட்ட தண்டுவடத்தையே கதிர்வீச்சால் சரிசெய்வதாக யாரேனும் சொன்னால், அது ஆய்வா சிகிச்சையா என்று முதலில் கேளுங்கள். சிகிச்சை என்றால் மறுத்துவிடுங்கள். அதற்கு மனிதர்களில் இன்னும் ஆதாரம் இல்லை. ஆய்வு என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் கேளுங்கள்; பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியது. ஆய்வுச் சிகிச்சைக்குப் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நெறி. நிலத்தை விற்றுப் பணம் திரட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறை மருத்துவர்கள், மருத்துவ இயற்பியலாளர்கள் சிலர்