என்னை டபுள்ஸுக்குத் தள்ளிவிட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன மாதம் என் கடைசி பேட்மிண்டன் மேட்சை ஆடி முடித்துவிட்டேன். இரண்டாவது சுற்றிலேயே தோல்வி, 17-21, 19-21. மூட்டு இனிமேல் தாங்காது என்று ஆறு மாதமாகவே தெரியும், அதனால் கோர்ட்டில் அழுகை வரவில்லை. ஊருக்குத் திரும்பும் ரயிலில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தபோதுதான், யார் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு முகமாக வந்து நின்றது. எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சொல்ல முடியாது. சிலர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அதனால்தான் பொதுவில் இந்த மடல்.

முதல் நன்றி, மன்னார்குடியில் காலை ஐந்தரை மணிக்கு ஷட்டில் ஆட வரும் மாமாக்களுக்கு. அப்போது 2003, எனக்கு ஒன்பது வயது. அப்பா பஸ் கண்டக்டர். நைட் டூட்டி முடித்து வருகிற நாட்களில் தூக்கம் பிடிக்காமல் என்னையும் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவார். சிமெண்ட் தரை, இரண்டு டியூப் லைட், நடுவில் தொய்ந்துபோன நெட். அங்கே சிங்கிள்ஸ் என்ற பேச்சே கிடையாது, நாலு பேர் சேர்ந்தால்தான் ஆட்டம். ஒருநாள் வக்கீல் மாமா அப்பாவிடம், "ஒரு கை குறையுது, பாப்பாவ நிறுத்திக்கலாமா?" என்று கேட்டார். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நெட்டுகிட்ட நின்னுக்கோ. தலைக்கு மேல போறத விட்டுடு, பின்னாடி நான் பாத்துக்கறேன்." பிற்பாடு டபுள்ஸ் பற்றி எத்தனையோ பேர் எனக்கு வகுப்பெடுத்தார்கள். அதில் முக்கால்வாசியை வக்கீல் மாமா அன்றைக்கே சொல்லிவிட்டார்.

2006-ல் உலகமே 21 புள்ளிக்கு மாறியது, எந்தப் பக்கம் சர்வீஸ் போட்டாலும் ராலியை வென்றவருக்குப் புள்ளி. மாமாக்கள் மட்டும் அசையவில்லை. பழைய 15 புள்ளி, ஜோடியில் ஒருவர் சர்வீஸை இழந்தால் மற்றவர் போடுகிற பழைய செகண்ட் சர்வீஸ். போன பொங்கலுக்குப் போனபோதும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு நன்றி சொன்னால் கூச்சப்படுவார். அவர் அந்தக் காலத்துப் பூப்பந்து ஆட்டக்காரர். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சாவூர் அரண்மனையில் தொடங்கிய ஆட்டம் என்று பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையோடு, முழுக் கையையும் வீசி அடிக்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். மணிக்கட்டை மட்டும் சொடுக்கப் பழக்குவதற்குச் சென்னையில் என் பயிற்சியாளர் சாருக்கு ஆறு மாதம் பிடித்தது.

சாருக்கு வருகிறேன். பதினாலு வயதில் சென்னைக்கு வந்தபோது என் கனவெல்லாம் சிங்கிள்ஸ்தான். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். தொடர்ந்து மூன்று ஜூனியர் போட்டிகளில் முதல் சுற்றோடு வீடு திரும்பினேன். மூன்றாவது தோல்விக்கு மறுநாள் சார், "நீ சிங்கிள்ஸுக்கு ஆக மாட்டே. நாளையிலேர்ந்து டபுள்ஸ்" என்றார். அன்றைக்கு அது தண்டனை. சிங்கிள்ஸில் தேறாதவர்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடமாகத்தான் டபுள்ஸ் இருந்தது. விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு நாள் அழுதேன். சமையல்கார அக்காதான் ராத்திரி எனக்கென்று ஒரு முட்டையை எடுத்து வைத்திருந்து, ஒன்றும் கேட்காமல் தட்டில் வைத்துவிட்டுப் போனார். அக்கா, அந்த முட்டைக்கும் நன்றி.

2011 ஆகஸ்டில் லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் ஜுவாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் வெண்கலம் வாங்கினார்கள். 1983-ல் பிரகாஷ் படுகோன் வாங்கியதற்குப் பிறகு இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் வந்த முதல் பதக்கம் அதுதான், அதுவும் டபுள்ஸில். மறுநாள் காலை பயிற்சியில் சார் என்னைப் பார்த்து "பாத்தியா?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. உடனே ஃபீடிங் ஆரம்பித்துவிட்டார். ஒரு கையில் ஷட்டில் காக்குகளை அடுக்கிப் பிடித்து ஒவ்வொன்றாக எறிவார், ஒரு தடவைக்கு இருநூறு. இறகு உரசி உரசி அவருடைய கட்டைவிரலில் தோல் வெடித்திருக்கும். சார், அந்த விரலுக்குத் தடவ ஒரு களிம்புகூட நான் வாங்கித் தந்ததில்லை.

இறகுக் காக் என்றதும் அம்மா ஞாபகம். ஒரு காக்கில் பதினாறு இறகு, அத்தனையும் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுத்தது, காய்ந்துபோனால் நாலு ஸ்மாஷில் முறிந்துவிடும். ஒரு டியூப் வாங்கினால் அப்பாவின் சம்பளத்தில் அது தெரியும். யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு அம்மா டியூபின் இரண்டு மூடியையும் கழற்றி, இட்லிப் பானை ஆவியில் சில விநாடி காட்டி, மூடி, ராத்திரி முழுக்க நிறுத்தி வைப்பார். ஆவி கூடினால் காக் கனத்துவிடும். அந்தப் பதம் அம்மாவுக்கு இட்லி மாவு போல அத்துப்படி. என் ஆட்டத்தை நேரில் ஒருமுறைகூடப் பார்க்காதவர், ஆனால் என் பயிற்சி அவர் அடுப்படியில்தான் தொடங்கியது.

அடுத்து, ராக்கெட்டுக்குக் கட், அதாவது நரம்பு, போடுகிற அண்ணனுக்கு. நரம்பை இழுத்துக் கட்டும் இறுக்கத்துக்கு "பொண்ணுங்களுக்கு 22 பவுண்டு போதும்" என்று எல்லாக் கடையிலும் சொன்னபோது, நீங்கள்தான் நான் அடிப்பதை நேரில் வந்து பார்த்துவிட்டு 26 போட்டுத் தந்தீர்கள். மாநிலப் போட்டி இறுதியாட்டத்துக்கு முந்தின ராத்திரி இரண்டு ராக்கெட்டிலும் நரம்பு அறுந்தது. கடையை மறுபடி திறந்து ஒரு மணி வரை உட்கார்ந்தீர்கள். "காசு அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை, கணக்கு என்னிடம் இருக்கிறது.

அடுத்து என் பார்ட்னர். பாலக்காட்டுப் பெண், ஐந்தடி ஒன்பது அங்குலம். எங்கள் முதல் மேட்ச் பெரிய கூத்து. நடுவில் வருகிற காக்கை யார் எடுப்பது என்பதுதான் டபுள்ஸில் பாதித் தலைவலி. அவள் "என்டே!" என்று கத்தினாள். மலையாளத்தில் "என்னுடையது" என்று அர்த்தம். எனக்கு அது "என்னடி?" என்று காதில் விழ, நான் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தேன். நான் எடுக்கப் போகிறேன் என்று நினைத்து அவளும் நின்றுவிட்டாள். காக் எங்கள் இருவருக்கும் நடுவில் பொத்தென்று விழுந்தது. ஒரே மேட்சில் இப்படி நாலு தடவை.

என் இடது புருவத்தில் உள்ள தழும்பும் அவள் கொடுத்ததுதான். பின்னாலிருந்து அவள் ஓடி வந்தாள், நான் விலகவில்லை, ராக்கெட் முனை பட்டது. நாலு தையல். எனக்கு ஊசி போடும்போது அவள் அழுத அழுகையில் நர்ஸ் யார் நோயாளி என்று கேட்டார்.

நான் சர்வீஸ் போடும் முறை வந்தால், போடுவதற்கு முன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து அவளுக்கு விரல் காட்டுவேன்: ஒரு விரல் நடுக்கோட்டுக்கு, இரண்டு விரல் ஓரத்துக்கு. பதற்றத்தில் சில நேரம் மூன்று விரல் காட்டியிருக்கிறேன். அப்படி ஒரு சர்வீஸே கிடையாது. அவள் அதையும் புரிந்துகொண்டு பின்னாலிருந்து "மெல்ல, மெல்ல" என்பாள்.

2018-ல் சர்வீஸ் விதி மாறியது. இடுப்புக்குக் கீழே என்ற பழைய கணக்கு போய், யாராக இருந்தாலும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழேதான் காக்கை அடிக்க வேண்டும் என்று ஆனது. குள்ளச்சியான எனக்கு அது பண்டிகை. அவளோ முழங்காலை மடக்கிச் சர்வீஸையே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. எங்கள் கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணன் இரண்டு கம்பை நட்டு, டேப் வைத்து அளந்து, குறுக்கே ஒரு சிவப்பு நூல் கட்டிவிட்டார். மூன்று மாதம் தினமும் அவள் அந்த நூலுக்குக் கீழே சர்வீஸ் போட்டாள், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து "தப்பு" "சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணே, அது உங்கள் வேலையே இல்லை.

இடையில் எங்களைப் பிரித்தார்கள். யார், ஏன் என்பதெல்லாம் வேண்டாம். எட்டு மாதம் வேறு வேறு ஆட்களோடு ஆடி, இருவருமே ரேங்கிங்கில் சரிந்தோம். ஜோடி மாறினால் ரேங்கிங் புள்ளியைக் கூடவே எடுத்துப்போக முடியாது, புது ஜோடி கீழேயிருந்துதான் ஏற வேண்டும். திரும்பச் சேர்வதற்கு அவளுடைய அம்மா எங்கெங்கோ ஏறி இறங்கினார். அவரைச் சேச்சி (மலையாளத்தில் அக்கா) என்று கூப்பிட்டே பழகிவிட்டேன், இனியும் அப்படித்தான்.

காசு விஷயத்தில் டபுள்ஸ் இன்னும் ஓரவஞ்சனைதான், இதைச் சொல்லாமல் விட மனமில்லை. 2024 சீன ஓப்பனில் சிங்கிள்ஸ் வென்றவருக்கு 1,40,000 டாலர், டபுள்ஸ் வென்ற ஜோடிக்கு 1,48,000. அதைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஆடிய சின்னப் போட்டிகளில் பிரித்தால் டிக்கெட் காசுக்கே பற்றாது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை இல்லையென்றால் 2016-லேயே ஊர் திரும்பியிருப்பேன். எனக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்ட அலுவலகத் தோழிகளுக்கு நன்றி.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று. 2025 உலக சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் டிவியில் ஓடியது. மலேசியாவின் பெர்லி டானும் தீனா முரளிதரனும் வெள்ளி வாங்கிய ஆட்டம். பேரைக் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். "முரளிதரனா? நம்ம பொண்ணா?" கடைசிப் புள்ளி வரை உட்காரவே இல்லை. முடிந்ததும் என்னிடம், "இதத்தான் நீ இத்தனை வருஷமா ஆடிட்டிருந்தியா?" என்றார்.

பார்ட்னருக்கு இன்னும் சில வருட ஆட்டம் மிச்சம் இருக்கிறது. அடுத்த மாதம் புதிதாக ஒரு சின்னப் பெண்ணோடு இறங்குகிறாள். அந்தத் தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவள் "என்டே" என்று கத்தினால் அது அவளுடையது. நீ நெட்டுகிட்டயே நின்னுக்கோ, திரும்பிப் பார்க்காதே.