பிரஸ்ஸல்ஸில் கைகொடுத்தவருக்கு நன்றி

பெயர் கேட்கக்கூட நேரம் வாய்க்காத ஒருவருக்கு இந்த நன்றி.

பிரஸ்ஸல்ஸில் சோல்போஷ் என்ற பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும், ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளுக்கான ஃபாஸ்டெம் மாநாட்டுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. அதனால் கூட்டம் நெரியும். அங்கே போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் மென்பொருளின் மேசையில் நின்று, அதன் சின்னமான யானை ஸ்டிக்கர் கொடுத்தபடி வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண்மணி பிரெஞ்சில் கேள்வி கேட்டார். எனக்கு பிரெஞ்சு தெரியாது. ஸ்டிக்கர் எடுக்க வந்த நீங்கள் உடனே மொழிபெயர்த்தீர்கள்: டேபிளில் (தகவல் அட்டவணையில்) லட்சக்கணக்கான வரிசைகளை டெலீட் செய்தும், அது டிஸ்கில் பிடிக்கும் இடம் ஏன் குறையவில்லை?

அப்புறம் பதிலையும் நீங்களே சொன்னீர்கள். ஒரு தாளில் கட்டங்கள் போட்டு, டெலீட் செய்த வரிசை உடனே அழிவதில்லை, ஏற்கெனவே ஓடும் டிரான்சாக்‌ஷன்களுக்கு (ஒரே தொகுப்பாக நடக்கும் டேட்டாபேஸ் வேலைகளுக்கு) அதன் பழைய பதிப்பு தேவைப்படலாம் என்று காட்டினீர்கள். யாருக்கும் தேவைப்படாத பதிப்புகளை வேக்யூம் என்ற கட்டளை துப்புரவாக்கும். அந்த இடம் பெரும்பாலும் அதே டேபிளின் புது வரிசைகளுக்குத்தான் போகும். ஃபைலையே சுருக்க வேக்யூம் ஃபுல் உண்டு, ஆனால் அது முடியும்வரை டேபிளைப் படிக்கக்கூட முடியாது. இந்த எச்சரிக்கையை நீங்கள் இரண்டு முறை சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. குறையை மறைத்துச் செய்யும் விளம்பரம் ஓப்பன் சோர்ஸுக்கு வேண்டாம்.

நீங்கள் எங்கள் குழுவும் இல்லை, யாரும் உங்களை அழைக்கவும் இல்லை. கூட்டம் குறையும்வரை கூடவே நின்றீர்கள். மனமார்ந்த நன்றி ஐயா. அந்தத் தாளை அந்தப் பெண்மணி கேட்டு வாங்கிப் போனார்.