வீடியோ அனுப்பப் போவதில்லை, அக்கா

அன்புள்ள அக்கா,

"முட்டி வலியோடு அந்த ஒளி விழாக் கூட்டத்தில் என்னால் நிற்க முடியாது, வீடியோ எடுத்து அனுப்பு" என்றாய். மூன்று எடுத்தேன். ஒன்றைக்கூட அனுப்ப மனம் வரவில்லை. நான் பார்த்தது அவற்றில் இல்லை.

இருட்டும் முன்பே நகரின் நடுப்பகுதிக்குப் போய்விட்டேன். பகலில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு கல் கட்டடம்தான் திரை. இதற்கென்றே அதன் முகப்பை லேசரால் அளந்து, ஒவ்வொரு தூணுக்கும் ஜன்னலுக்கும் பொருந்தும்படி படத்தை உருவாக்குகிறார்கள். புரொஜெக்டர் துளி நகர்ந்தாலும் கோடுகள் ஜன்னல் சட்டத்தை விட்டு விலகிவிடும். அதைவிடக் கஷ்டம் கறுப்பு நிறம். ஒளியால் கறுப்பைப் பூச முடியாதே! வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. அதற்காகவே சுற்றியிருந்த தெருவிளக்குகளை அணைத்திருந்தார்கள். தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிவதுபோல் தெரிந்தபோது, நானும் பக்கத்தில் நின்றவரும் சேர்ந்தே ஓரடி பின்வாங்கினோம்.

ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது பின்சந்தில் இருந்ததைப் பற்றி. மெல்லிய கம்பிகளில் மங்கலான சின்னச் சின்ன விளக்குகள், அவ்வளவுதான். போனைப் பிடித்தபடி வந்தவர்கள் "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிப் போனார்கள். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் பழகியதில் பெரும்பகுதி போய்விடும். போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன். முதலில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். அப்புறம் நூறு. கடைசியில் சந்து முழுக்க, என் தலைக்கு மேலேயும். அது எங்கள் கண்ணுக்குள்ளே நடந்தது, அக்கா. அதை எந்தக் கேமராவில் எடுப்பது?

"யாரோ பணத்தைக் கொட்டி நடத்தும் கூத்து" என்றும் சொன்னாய். பிரான்சில் லியோன் நகரத்து ஒளி விழா எப்படித் தொடங்கியது தெரியுமா? 1852 டிசம்பர் 8 அன்று மாதா சிலைத் திறப்பு. புயல் மிரட்டியதால் வாணவேடிக்கையைக் கைவிடும் நிலை. வானம் தெளிந்ததும் ஜனங்களே அவரவர் ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தார்கள். இன்றும் அதே நாளில் ஏற்றுகிறார்கள்.

இன்னொன்று. ஓரிடத்தில் தரையில் ஒரு விளக்கு, எதிரே வெறும் சுவர். விளக்குக்கு எவ்வளவு கிட்டே போகிறோமோ அவ்வளவு பெரிதாக நிழல் விழும். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பாட்டி அதன் பக்கத்தில் போய்க் கையைத் தூக்கினார். மூன்று மாடி உயரத்துக்கு அந்தக் கை! குழந்தைகள் கத்தித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

அடுத்த முறை முதல் நாளே போவோம், கூட்டம் சேரும் முன்பு. மடக்கு நாற்காலியை நான் தூக்கி வருகிறேன். நேராகப் பின்சந்துக்குப் போய் அரை மணி நேரம் சும்மா உட்காருவோம். வருகிறாயா?

அன்புடன்,
உன் தம்பி