குஞ்சுப் பெட்டிக்கு அனுப்பிய மரத்தூளும் துர்நாற்றமும் குறித்த புகார்

அனுப்புநர்
ஆசிரியர், பாலர் பள்ளி,
ஈசூன், சிங்கப்பூர்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். முட்டை பொரிப்பதைப் பிள்ளைகள் நேரில் காண்பதற்காக உங்கள் நிறுவனத்திடம் பொரிப்பான், முட்டைகள், குஞ்சுப் பெட்டி, வெப்ப விளக்கு, பெட்டியின் தரையில் பரப்பும் விரிப்பு அனைத்தும் அடங்கிய தொகுப்பை எங்கள் பள்ளி பெற்றது. பொரிப்பானில் குறை எதுவும் இல்லை. 21ஆம் நாள் குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளிவந்தபோது வகுப்பே குதூகலித்தது. அதன் பிறகு நேர்ந்ததைப் பற்றியே இக்கடிதம்.

விரிப்புக்கென நீங்கள் அனுப்பிய மூட்டையில் இருந்தது மாவு போன்ற மரத்தூள். அதன் உறையில் செடார் மரம் என்றும், இயற்கை நறுமணம் கொண்டது என்றும் அச்சிடப்பட்டிருந்தது. அந்த நறுமணத்தைத் தரும் எண்ணெய்ப் பொருள்களே குஞ்சுகளின் மூச்சுப்பாதையை உறுத்தக்கூடியவை என்பதால், செடார் தூளைக் குஞ்சுகளுக்குப் போட வேண்டாம் என்பது கோழி வளர்ப்போர் பொதுவாகக் கூறும் அறிவுரை. மேலும், பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சு தரையில் கிடக்கும் எதையும் கொத்திப் பார்க்கும். தூள் இவ்வளவு நுண்ணியதாக இருந்தால் தீவனம் என்றெண்ணி விழுங்கிவிடும், இரைப்பையும் அடைத்துக்கொள்ளக்கூடும். சூளையில் உலர்த்திய பைன் மரச்சீவலை ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பியிருந்தால் இந்த இரண்டு அபாயங்களும் பெருமளவு குறைந்திருக்கும்.

பெட்டியில் எழுந்த துர்நாற்றம் குறித்து நாங்கள் கேட்டபோது உங்கள் சேவைப் பிரிவு அளித்த பதில்தான் எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. வாரம் ஒருமுறை தூளை மாற்றினால் போதும் என்றும், நாற்றம் வந்தால் உடன் அனுப்பிய வாசனைத் திரவத்தைத் தெளிக்கலாம் என்றும் கூறினார்கள். கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை ஈரத்தில் பெருகும் நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா உருவாகிறது. நம் மூக்குக்கு அது எட்டும்போதே, விரிப்பை ஒட்டித் தலை வைத்திருக்கும் குஞ்சின் கண்ணையும் மூச்சுக்குழலையும் அது தாக்கத் தொடங்கியிருக்கும். வாசனைத் திரவம் அம்மோனியாவை அகற்றாது. விரிப்பில் ஈரத்தை இன்னும் கூட்டும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த விரிப்பில் இரத்தக்கழிச்சல் நோய்க்கிருமியும் எளிதில் பரவும். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும் சிங்கப்பூரில், விரிப்பு தானாகக் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றித் தூள் கறுத்து நனைந்து கிடந்தது. ஒரு பிடி அள்ளி அழுத்தினேன். கையைத் திறந்த பிறகும் கொழுக்கட்டை போல உருண்டையாகவே இருந்தது. ஒரு குஞ்சு இடது கண்ணை மூடியபடி தும்மிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் கோழி வளர்த்துப் பழகிய எங்கள் சமையல் உதவியாளர் பெட்டியருகே குனிந்தவுடன், "டீச்சர், நமக்கே மூக்கு எரியுதே, குஞ்சு எப்படித் தாங்கும்? எங்க ஊர்ல காஞ்ச உமியைப் போட்டுத் தினமும் கிளறி விடுவோம்" என்றார். உங்கள் கையேட்டில் இருக்க வேண்டிய அறிவுரை அதுவே. கிண்ணத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு உயர்த்தி வைக்க வேண்டும், நனைந்த பகுதியை அன்றன்றே அள்ளி எறிய வேண்டும், குஞ்சுகள் மீது நேராக வீசாதவாறு காற்றோட்டம் வேண்டும் என்ற மூன்றும் அதில் ஓரிடத்திலும் இல்லை.

நாங்கள் வெளியில் மரச்சீவல் வாங்கி, பெட்டியைக் கழுவி உலர்த்தி, விரிப்பை முழுவதும் மாற்றினோம். இப்போது நாற்றம் இல்லை; கண் மூடியிருந்த குஞ்சும் தேறி வருகிறது.

ஆகவே, விரிப்புக்கும் வாசனைத் திரவத்துக்கும் நாங்கள் செலுத்திய தொகையைத் திருப்பித் தருமாறும், இதே மூட்டையைப் பெற்ற மற்றப் பள்ளிகளுக்கு உடனடியாகத் தகவல் தெரிவிக்குமாறும், கையேட்டை இந்நாட்டின் பருவநிலைக்கு ஏற்பத் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். இவற்றுள் இரண்டாவதையே முதலில் செய்ய வேண்டுகிறேன், ஏனெனில் அந்தப் பெட்டிகளில் இன்றும் குஞ்சுகள் இருக்கக்கூடும். மூட்டையின் உறையும் ஈரத்தூளின் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. ஏழு வேலை நாள்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பாலர் பள்ளி ஆசிரியர்