சாணை பிடித்துக் கொடுத்த பெரியவருக்கு

ஆங்கரேஜ் மக்களுக்கும் வெளியூரிலிருந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

30 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அலாஸ்கா ஆங்கரேஜ் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணி பிழைத்துவிட்டது. செலவைக் குறைக்க 2020இல் அணியை நிறுத்த முடிவெடுத்தவர்கள், இந்தத் தொகையைத் திரட்டினால் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது, 2021இல், திரட்டிவிட்டோம். படபடப்பு இன்னும் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை இங்கே மறுபடி கிளறப் போவதில்லை. ஒரு வருடமாகப் பேசிப் பேசி வாய் வலித்துப்போன சங்கதி அது. 2022 இலையுதிர்காலத்தில் பச்சையும் பொன்னும் உடுத்திய எங்கள் அணி, சீவுல்ஃப்ஸ், மறுபடியும் ஐஸில் இறங்குவார்கள். இப்போதைக்கு அது போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்களைப் பெயர் பெயராகச் சொன்னால் விடிந்துவிடும். மொத்தமாகச் சொல்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரிய காசோலை எழுதியவர்கள், மாதாமாதம் 20 டாலர் போட்டவர்கள், ஜெர்சியை ஏலத்துக்குக் கொடுத்த பழைய வீரர்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் எங்கள் டப்பாவையும் வைத்துக்கொண்ட கடைக்காரர்கள், எல்லாருக்கும் கும்பிடு. ஃபேர்பேங்க்ஸிலிருந்து அனுப்பியவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. 580 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அவர்கள் பல்கலைக்கழகத்தின் நானூக்ஸ் அணியோடு 1993-94 பருவத்திலிருந்து கவர்னர் கோப்பைக்கு நடப்பது பங்காளிச் சண்டை. பங்காளி வீடு பூட்டிக் கிடந்தால் யாரோடு சண்டை போடுவது என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும்.

இந்த அணி எதற்காகப் பிழைக்க வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகச் சில வரிகள். 1979இல் பிரஷ் கிறிஸ்டியன்சன் தொடங்கி, 1996 வரை அவரே பயிற்சியாளராக இருந்து வளர்த்த அணி இது. 1991இல் எந்த லீக்கிலும் சேராமல் தனியாக ஆடிக்கொண்டிருந்தபோது, கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியின் முதல் சுற்றில் பாஸ்டன் காலேஜை அவர்கள் ஊரிலேயே அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் வீழ்த்தியது. டபிள்யூ.சி.எச்.ஏ. என்ற மேற்குப் பகுதிக் கல்லூரி ஹாக்கி லீக் இடம் கொடுத்தது அதற்குப் பிறகு, 1993இல்தான். 2005 முதல் 2007 வரை இங்கே ஆடிய ஜே பீகல் 2018இல் வாஷிங்டன் அணியோடு, தொழில்முறை ஹாக்கியின் உச்சமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

அணி முன்பு ஆடிய சல்லிவன் அரீனாவின் ஐஸ் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமான வட அமெரிக்க ஐஸ் 200 அடி நீளம், 85 அடி அகலம். அங்கே ஒலிம்பிக் அளவு, 100 அடி அகலம். கூடுதல் 15 அடியில் என்ன ஆகிவிடும் என்று நினைத்து வந்த விருந்தாளி அணிகளின் தடுப்பாட்டக்காரர்கள், பலகை ஓரம் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) துரத்திப் போய்விட்டு நடுவுக்குத் திரும்புவதற்குள் மூச்சு வாங்கினார்கள். கோல்கீப்பருக்குக் கோணமே மாறிப்போகும். இவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்பதற்கும் கல்லூரி விளையாட்டு விதிப்புத்தகத்தில் வழி இருக்கிறது. அலாஸ்காவில் ஆடும் ஆட்டங்கள், விருந்தாளி அணிக்கு ஒரு பருவத்தில் அனுமதித்த ஆட்டக் கணக்கில் சேராது. கூடுதல் ஆட்டம் வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டியதுதான்.

சரி, பெரியவர் விஷயத்துக்கு வருகிறோம். பெயரைப் போடக் கூடாது என்பது அவர் நிபந்தனை.

நிதி திரட்ட நாங்கள் போட்ட மேசைகளுக்குப் பக்கத்தில், தன் வண்டியிலிருந்து ஒரு சாணை இயந்திரத்தை இறக்கி வைத்து, கரண்ட் எங்கே என்று மட்டும் கேட்டார். பிள்ளைகளின் ஸ்கேட்ஸை, அதாவது பிளேடு வைத்த ஐஸ் காலணிகளை, வாங்கிச் சாணை பிடித்தார். கூலி கேட்கவில்லை. யாராவது நீட்டினால் எங்கள் டப்பாவைக் காட்டினார். அதில் விழுந்த தொகை மொத்தக் கணக்கில் ஒரு தூசு. ஆனாலும் இந்த மடலில் பாதி அவருக்குத்தான், ஏனென்றால் அவர் செய்த வேலை அப்படி.

ஊரில் சைக்கிள் சக்கரத்தை மிதித்துக் கத்திக்குச் சாணை பிடிப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கத்திக்கு ஒரு விளிம்பு, ஸ்கேட்டுக்கு இரண்டு. பிளேடின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர். அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நீளவாக்கில் நடுவில் ஒரு வாய்க்கால், இரு பக்கமும் வரப்பு. ஐஸைப் பிடிப்பது வரப்புகள்தான். வாய்க்காலின் வளைவை ஆரத்தால் அளப்பார்கள். அரை அங்குலம் என்பது பொது அளவு. ஆரம் குறையக் குறைய வாய்க்கால் ஆழமாகி, பிடி கூடும், வழுக்கு குறையும். எடை கூடிய ஆளுக்கு எட்டில் ஐந்து அங்குலம் வைத்தால் ஐஸில் புதையாமல் ஓடும். எடை குறைந்த பிள்ளைக்கு அதையே வைத்தால் திரும்பும்போது கால் வழுக்கும். குளம் உறைந்த ஐஸ் கல் மாதிரி இறுகியது, அங்கே ஆடுகிறவனுக்குக் கொஞ்சம் ஆழம் வேண்டும். அதனால் பெரியவர் முதலில் ஸ்கேட்டைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார், எங்கே ஆடுகிறாய் என்று கேட்டார். பல கடைகளில் யாரும் கேட்காத கேள்வி அது.

பிறகு வேலை. பிளேடை ஓரப்பார்வை பார்த்து, கோணலா என்று சோதித்தார். விரலை அல்ல, நகத்தை ஓட்டிப் பல்லுப்போன இடங்களைக் கண்டுபிடித்தார். சக்கரத்தின் முகத்தை வைர முனையால் தேவையான வளைவுக்குச் செதுக்கினார். ஸ்கேட்டைப் பிடிப்பானில் இறுக்கி, பிளேடின் நடுக்கோடும் சக்கரத்தின் நடுக்கோடும் நேராக நிற்கும்படி உயரத்தைத் திருகினார். எல்லாத் தவறும் பிறக்கிற இடம் இதுதான். மயிரிழை ஏறி இறங்கினால் ஒரு வரப்பு உயர்ந்துவிடும். பிள்ளை ஒரு பக்கம் திரும்பும்போதெல்லாம் சறுக்கி விழும், வீட்டில் கால் பலம் போதாது என்று சொல்வார்கள்.

தேய்ப்பதில் அவசரமே இல்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே வேகம், ஒரே அழுத்தம். சாதாரணமாக மழுங்கியதற்கு மூன்று நான்கு மெல்லிய இழுப்பு. அழுத்தித் தேய்த்தால் பிளேடு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த எஃகு பதம் இழந்தது, சீக்கிரம் மழுங்கிவிடும். நுனியிலும் குதிகாலிலும் தயங்கி நின்றால் அங்கே மட்டும் தேய்ந்து, பிளேடின் நீள வளைவே கெட்டுப்போகும். கடைசி இழுப்புக்கு முன் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு கால் டாலர் நாணயம் ஒன்றை இரண்டு வரப்பின் மேலும் குறுக்கே படுக்க வைத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். நாணயம் பிளேடுக்குச் செங்குத்தாக இருந்தால் சரி, சாய்ந்தால் மறுபடி திருகு, மறுபடி தேய். சரியாக வந்ததும் தட்டைக் கல்லைப் பக்கவாட்டில் வைத்து ஒரே ஒரு தடவை நீவிப் பிசிறை எடுத்தார். துணியால் துடைத்து, பிள்ளையின் கையில் கொடுத்து, நகத்தை விளிம்பில் சுரண்டிப் பார்க்கச் சொன்னார். இரண்டு விளிம்பிலும் வெள்ளைத் துகள் வந்தால்தான் ஸ்கேட் வீட்டுக்குப் போகும்.

புது ஸ்கேட்ஸ் வந்தால் அவர் முகம் மாறிவிடும். பெட்டியிலிருந்து எடுத்ததும் ஆடலாம் என்று பெற்றோர் நம்புகிறார்கள். பல புது பிளேடுகளில் வாய்க்கால் சரியாக இருக்காது. முதலில் குறுக்குவாட்டில் தேய்த்துச் சமமாக்கிவிட்டுத்தான் வாய்க்கால் வெட்ட வேண்டும். ஒரு ஜோடிக்கு நேரம் பிடிக்கும் வேலை. அதையும் இலவசமாகத்தான் செய்தார்.

நாங்கள் எல்லாரும் டாலரை எண்ணிக்கொண்டிருந்தோம். இந்த மனிதர், அந்தப் பணத்தை யாருக்காகத் திரட்டினோமோ அந்தப் பிள்ளைகளின் காலைக் கவனித்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழக அணிக்கு ஆள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. இந்த ஊரில் தன்னார்வலர்கள் குளிர்கால இரவில் திறந்தவெளித் தளங்களில் வெந்நீரைத் துணியோடு இழுத்துப் போகிறார்களே, அந்த ஐஸில் விழுந்து எழுந்தவர்களும் அதில் உண்டு. ஏன் வெந்நீர் என்றால், பழைய ஐஸின் மேற்பரப்பைக் கொஞ்சம் இளக்கிக் கீறல்களை நிரப்பி ஒன்றாக உறையும். தண்ணீர் ஆறியிருந்தால் சரியாக ஒட்டாமல் ஏடு ஏடாகப் பெயரும். பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி அதைச் செய்கிறவர்களுக்கும் இந்தச் சாக்கில் நன்றி.

ஒரு வாக்குக் கொடுக்கிறோம். அணி திரும்பும் முதல் பருவத்தில், ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் ஒரு மணி நேரம் முன்பாக நுழைவாயில் பக்கம் ஒரு சாணை மேசை இருக்கும். பிள்ளைகளுக்குக் காசு கிடையாது. ஸ்கேட்ஸைத் துடைத்து, துணி உறையில் போட்டு, பெயரும் எடையும் எழுதிய சீட்டைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவாருங்கள். கெட்டியான பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும். அதில் ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு. சிமெண்டுத் தரையில் நாலு எட்டு நடந்துவிட்டு, போன வாரம்தானே தீட்டினோம் என்று கேட்காதீர்கள்.

பெரியவரிடமும் கேட்டோம். வருகிறேன், தேய்ந்துபோகும் சக்கரத்தை மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்றார். முதல் சக்கரத்துக்கு ஆர்டர் போட்டாயிற்று.