மீட்டரில் தெரியாத தேவை

ஆசிரியருக்கு,

வணக்கம். நகர விரிவாக்கம் பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். மக்கள்தொகை எவ்வளவு கூடும் என்று கணித்து, தலைக்கு இவ்வளவு என்று பெருக்கி, வசதிகளைத் திட்டமிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பெருக்கல் சரிதான். ஆனால் திட்டமிடுவோர் பெரும்பாலும் கோட்டை விடுவது கழித்தலில்.

உதாரணத்துக்கு ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். நாளுக்கு 1 கோடி லிட்டர் தாங்கும், இப்போது வருவது 80 லட்சம், மீதி 20 லட்சம். 15 லட்சம் லிட்டர் வெளியேற்றப்போகும் ஒரு குடியிருப்புத் திட்டம் அனுமதி கேட்கிறது. இடம் இருக்கிறது, கொடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே அளவில் இன்னொன்று வருகிறது. முதல் திட்டத்துக்கு இன்னும் அஸ்திவாரம்கூட முடிந்திருக்காது. மீட்டர் அதே 80 லட்சத்தைத்தான் காட்டும். சரி, இதற்கும் அனுமதி. அப்புறம் மூன்றாவது. எந்தக் கோப்பைப் பிரித்தாலும் கணக்கு இடிக்காது. எல்லாரும் குடிவந்த பிறகு நிலையத்துக்கு வருவதோ 1 கோடியே 25 லட்சம் லிட்டர்.

செக் எழுதிக் கொடுத்துவிட்டு, அது பாஸாகும்வரை பாஸ்புக்கில் தெரிவதெல்லாம் நம் பணம் என்று செலவழிப்பது போன்ற வேலை இது. அனுமதி கொடுத்த அன்றே அந்த 15 லட்சத்தை மீதியிலிருந்து கழித்துவிட வேண்டும். கட்டாமலே காலம் கடத்துபவரின் அனுமதி காலாவதியானால் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்த மீதியையும் அப்படியே நம்பிவிட முடியாது. மருத்துவமனையில் கட்டில்களை எண்ணுகிறார்கள். இரவுப் பணிக்கு எத்தனை செவிலியர் என்று யாரும் கேட்பதில்லை. நீர்த்தேக்கத் தொட்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், தெருவுக்குள் வரும் குழாய் குறுகியதென்றால் குழாயின் அளவுதான் கணக்கு. அதிலும் நாள் சராசரி ஏமாற்றும். எல்லாரும் குளிக்கும் காலை நேரத்தில் தண்ணீர்த் தேவை சராசரியைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு எகிறும். பள்ளியில் 100 இடம் காலி என்பார்கள். அவை மேல் வகுப்புகளில் இருந்தால், புதுக் குடியிருப்பில் ஒன்றாம் வகுப்புக்கு நிற்கும் குழந்தைகளுக்கு என்ன பயன்? ஒரே சமயத்தில் குடியேறும் இளம் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே சமயத்தில்தான் வளருவார்கள். பத்து ஆண்டில் நெரிசல் கீழ் வகுப்பிலிருந்து மேல் வகுப்புக்கு நகர்ந்திருக்கும்.

"90 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது, இன்னும் 10 இருக்கிறதே" என்ற வாதமும் அடிக்கடி காதில் விழுகிறது. டென்மார்க்கின் கணித அறிஞர் எர்லாங் 1909-இல் தொலைபேசி இணைப்புகளுக்காகத் தொடங்கிவைத்த, காத்திருக்கும் வரிசைகள் பற்றிய கணிதத்தைக் கொஞ்சம் பார்த்தால் இந்தத் தைரியம் போய்விடும். ஒரே கவுன்டர், முன்பின் சொல்லாமல் வரும் ஆட்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் முன்கூட்டித் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டர் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால், வந்து சேர்ந்து வேலை முடித்துப் போக சராசரியாகச் சேவை நேரத்தைப்போல் 5 மடங்கு ஆகும். 90-இல் 10 மடங்கு. 95-இல் 20. கடைசி 10 சதவீதத்தை மிச்சம் என்று நினைக்கக் கூடாது. அதுதான் வரிசை நகர்வதற்கான இடம்.

அதற்காக அளவுகோலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டாலும் சிக்கல்தான். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் 1985-இல், வசதிகள் தயாராகாமல் வளர்ச்சிக்கு அனுமதி இல்லை என்று சட்டம் போட்டது. நகருக்குள் சாலைகள் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால், கட்டுமானம் சாலை காலியாகக் கிடந்த ஊருக்கு வெளியே ஓடியது என்ற விமர்சனம் எழுந்தது. 2011-இல் போக்குவரத்து, பள்ளி, பூங்காவுக்கு அந்த விதியை உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கு விட்டார்கள். குடிநீர், கழிவுநீர், குப்பை, மழைநீர் வடிகாலுக்குக் கட்டாயம் நீடித்தது. எனக்கு இந்தப் பிரிவினை நியாயமாகப் படுகிறது. சாலை நிரம்பினால் பேருந்து விடலாம், நடக்கலாம், நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். சாக்கடை நிரம்பினால் வீட்டுக்குள் வரும்.

ஒவ்வொரு அனுமதிக் கோப்பின் முதல் பக்கத்திலும் நான்கு எண்கள் இருக்கட்டும்: உச்ச நேரத்தில் உண்மையாகத் தாங்கும் அளவு, அந்த நேரத்தில் இப்போது ஆகும் பயன்பாடு, ஏற்கெனவே வாக்குக் கொடுத்தது, இந்தத் திட்டம் கேட்பது. மூன்றாவது எண்ணைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்லி உங்கள் இதழ் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்