புது ஹெட்ஃபோனுக்கு ‘முதல் கேட்பு’ சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

விலை உயர்ந்த க்ளோஸ்ட்-பேக் ஹெட்ஃபோன் (காதை மூடும் கப்பின் பின்பக்கம் அடைத்த வகை) ஒன்று சிங்கப்பூர்க் கடைகளுக்கு வந்துவிட்டால், அதைப் பற்றி முதலில் தமிழில் பேசுபவர்கள் நீங்கள்தான். கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபியிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ டெமோ மேசையில் சற்று நேரம் மாட்டிப் பார்ப்பீர்கள். பிறகு மூன்று வரி வரும்: பேஸ் (தாழ் ஒலி) கொஞ்சம் குறைவு, குரல் முன்னால் நிற்கிறது, ட்ரெபிள் (மேல் ஒலி) கூர்மை. அந்த மூன்று வரியை நம்பி யாரோ ஒருவர் 4,000 வெள்ளிக்கு மேல் எடுத்துவைக்கிறார். 2012 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம் பழுதான பொருளுக்குத்தான் கைகொடுக்கும். ஒலி பிடிக்கவில்லை என்பது பழுதுக் கணக்கில் வராது.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. நீங்கள் கேட்டதில் ஹெட்ஃபோனின் ஒலி எவ்வளவு, காதைச் சுற்றி அமரும் மெத்தையான பேட்டின் ஓரத்துக் கசிவு எவ்வளவு, ஒலியளவின் மயக்கம் எவ்வளவு, கடைக் குளிரூட்டியின் இரைச்சல் எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பின்பக்கம் திறந்த ஓப்பன்-பேக்கில் இதில் கொஞ்சம் அலட்சியமாக இருந்தாலும் பெரிய தவறு வராது. மூடிய வகையில் அப்படி இல்லை.

கசிவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பாதிப் பிழை அங்கேதான். பேட், கன்னம், ஒலி எழுப்பும் டிரைவர் மூன்றுக்கும் நடுவில் அடைபட்ட சிறு காற்றுவெளியை டிரைவர் அழுத்தியும் தளர்த்தியும்தான் தாழ் ஒலி உண்டாகிறது. வேகமான அதிர்வில் காற்று வெளியேற நேரமில்லை. 40 ஹெர்ட்ஸ் போன்ற மெதுவான அதிர்வில் சிறு இடைவெளி கிடைத்தாலும் போதும், அழுத்தம் வெளியே போய்விடும். மூக்குக்கண்ணாடியின் காம்பு உண்டாக்கும் இடைவெளியே சில மாடல்களில் ஆழ்ந்த பேஸை 5 முதல் 10 டெசிபல் வரை குறைத்துவிடும். இன்னொரு விபரீதமும் உண்டு. கசிவு இருக்கும்போது 100 – 200 ஹெர்ட்ஸ் பகுதி சில வடிவமைப்புகளில் மேலே எழும்பும். “அடி ஆழம் இல்லை, ஆனால் தொம்தொம் என்கிறது” என்று நீங்கள் எழுதுவது பல நேரம் இதுதான்.

“மூடிய ஹெட்ஃபோன், ஆனால் ஓப்பன்-பேக் போலக் காற்றோட்டமாக ஒலிக்கிறது” என்ற பாராட்டு அடிக்கடி வருகிறது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பேஸ் கசிந்தால் மேல்பகுதி தானாகவே விலகித் தெரியும், அதுவும் அகலம் என்ற உணர்வைத்தான் தரும். அந்த வாக்கியம் உங்கள் விரல்நுனிக்கு வந்துவிட்டால், எழுதுவதற்கு முன் கசிவைச் சோதித்துவிடுங்கள்.

சோதிப்பது சுலபம். கைப்பேசியில் 30, 50, 100, 200 ஹெர்ட்ஸ் சைன் எனும் ஒற்றை அதிர்வெண் ஒலிகளைப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். மிதமான அளவில் 50 ஹெர்ட்ஸை ஒலிக்கவிட்டு, இரு கப்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். ஒலி சற்றே கூடினால் கவலையில்லை, அது இயல்பு. சட்டென்று பெருகினால் கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் ஓட்டை காதுமடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில்தான் இருக்கும். தலைப்பட்டையை ஒரு படி நீட்டி, கப்பைக் கொஞ்சம் கீழே இறக்கினால் அது அடைபடும். அடுத்து ஒரு பக்கத்தை மட்டும் அழுத்துங்கள், பிறகு மறுபக்கத்தை. இடமும் வலமும் வேறுவேறாக மாறினால், பாடகர் குரல் ஒரு பக்கம் சாய்வதற்கான காரணம் கிடைத்துவிட்டது. அதை டிரைவர் பொருத்தத்தின் குறை என்று எழுதிவிடாதீர்கள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டும் மாட்டிக்கொண்டும் கேளுங்கள். பேட்டுக்குள் சிக்கிய முடியை எடுத்துவிடுங்கள். ஜிமிக்கி, பெரிய தோடு, தூடோங் (முஸ்லிம் பெண்களின் தலைத்துணி), தலைப்பாகை எல்லாம் கசிவை மாற்றக்கூடியவை. இவற்றோடு கேட்பவர்கள் உங்கள் வாசகர்களில் நிறைய இருக்கிறார்கள், அதனால் ‘கண்ணாடியோடு எப்படி’ என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். வேண்டுமென்றே சிறு துளைகள் விட்டு வடிவமைத்த மாடல்களில் கண்ணாடியால் வரும் மாற்றம் குறைவாகவே இருக்கும். அப்படி இருந்தால் அதையும் சொல்லுங்கள், கண்ணாடி போட்டவருக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறில்லை.

அடுத்தது ஒலியளவு. இரண்டில் எது ஒரு டெசிபல் கூட ஒலிக்கிறதோ, அதையே காது ‘தெளிவு’ என்றும் ‘துடிப்பு’ என்றும் எடுத்துக்கொள்ளும். இங்கே வித்தியாசம் ஒரு டெசிபலோடு நிற்பதும் இல்லை. ஃபோக்கல் ஸ்டெல்லியா ஹெட்ஃபோனின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) 35 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு அது தரும் ஒலி 106 டெசிபல். டான் கிளார்க் ஸ்டெல்த் 23 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு சுமார் 86 – 87. ஹெட்ஃபோனை இயக்கும் ஆம்பின் ஒலியளவுக் குமிழைத் தொடாமல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைச் செருகினால், இரண்டாவது 17 – 18 டெசிபல் தாழ்ந்துவிடும். பிறகு குமிழை உத்தேசமாகத் திருகிச் சமன் செய்கிறோம். அந்த உத்தேசத்தில் 3 டெசிபல் பிசகுவது வெகு சாதாரணம். இரு காதுக்கும் தனித்தனி மின்பாதை தரும் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்ட் துளைக்கு மாற்றியதும் ‘ஒலிமேடை விரிந்தது’ என்று எழுதுகிறீர்களே, அதே ஆம்பில் பேலன்ஸ்ட் வெளியீடு சாதாரணத் துளையைவிட 6 டெசிபல் வரை கூடுதலாக இருக்கலாம். முதலில் அதைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். விரிவு இன்னும் மிஞ்சினால் எழுதுங்கள்.

சமன் செய்ய ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு சாண் சதுர ஒட்டுப்பலகையை எடுத்து, நடுவில் துளை போட்டு, யுஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்றின் முனை பலகையின் பரப்போடு சமமாக நிற்கும்படி பொருத்துங்கள். செலவு இருநூறு வெள்ளிக்குள் முடியும். ஹெட்ஃபோனின் ஒரு கப்பைத் துளைக்கு மேல் நடுவாக வைத்து, லேசான எடை ஏற்றி, 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ள இரைச்சலை ஒலிக்கவிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுப் பட்டையில் அளந்தால் பேஸ் மிகுந்த ஹெட்ஃபோன் ‘சத்தமாக’ப் பதிவாகி, பேச்சுப் பகுதி பின்தங்கிவிடும். வித்தியாசம் ஒரு டெசிபலுக்குள் வந்தால் போதும், குமிழ் நிற்கும் இடத்தை ஒட்டுத்தாளில் எழுதி ஆம்பின் மேல் ஒட்டிவிடலாம். அந்தப் பலகையில் வரும் அலைவரிசை வரைபடத்தை மட்டும் தயவுசெய்து வெளியிடாதீர்கள். பலகைக்குக் காதுமடலும் கிடையாது, காதுக்குழாயும் கிடையாது.

ஆம்பைப் பற்றி ஒரு கணக்கு, அதோடு நகர்ந்துவிடலாம். வெளியீட்டு மின்மறுப்பு 10 ஓம் உள்ள ஆம்பில், 35 ஓம் ஹெட்ஃபோன் ஒன்று, பேஸ் ஒத்ததிர்வில் (டிரைவர் தானாகவே அதிகம் அதிரும் இடத்தில்) 70 ஓமுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேஸ் மற்ற பகுதிகளைவிட ஒரு டெசிபல் உயரும். அதே ஹெட்ஃபோனை 2 ஓம் ஆம்பில் செருகினால் கால் டெசிபல்தான். ‘இந்த ஆம்போடு கதகதப்பாக இணைகிறது’ என்பதற்குள் பல நேரம் இந்த ஒரு டெசிபல்தான் ஒளிந்திருக்கிறது. தட்டையான மென்படலம் அதிரும் பிளேனர் வகையில் மின்மறுப்பு ஏறக்குறைய தட்டையாக இருப்பதால் இந்தச் சிக்கல் அங்கே இல்லை.

இனி எதைக் கேட்பது? கடைகளில் ஓடும் டெமோ பாடல்கள் எந்த ஹெட்ஃபோனிலும் நன்றாகத்தான் ஒலிக்கும், அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை அவை. மூடிய கப்பின் குறைகளைக் காட்டிக்கொடுக்க நம் இசையைவிட நல்ல கருவி கிடைப்பது கடினம். மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரவை பூசிய தொப்பி எனும் இடப்பக்கத் தோலில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி இழுக்கும் கும்கி, சுருதியைத் தாழ்விலிருந்து மேலே வழுக்கிக்கொண்டே கொண்டுபோகிறது. இயற்கையாகவே அது ஓர் அலைவரிசை ஏற்றம். கப்புக்குள் ஒத்ததிர்வு இருந்தால், அந்த வழுக்கலில் ஓர் இடம் மட்டும் வீங்கும். கசிவு இருந்தால் தொடக்கமே காணாமல் போகும். தனி ஆவர்த்தனத்தின் நிதானமான பகுதியில் 15 நொடியை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒலியின் நுட்பம் நினைவில் சில நொடிதான் தங்கும். மூன்று நிமிடப் பாட்டை முடித்துவிட்டு அடுத்த ஹெட்ஃபோனுக்குப் போனால் ஒப்பீடு வெறும் அபிப்பிராயமாகிவிடும்.

தம்பூரா இன்னும் கறாரானது. ஜீவா நூல் (தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகும் இழை) வைத்த தந்தியிலிருந்து மேல் ஒத்திசைச் சுரங்கள் அடுக்கடுக்காக எழும். அவற்றில் ஒன்று மட்டும் விசில் போல விடாமல் தனித்து நின்றால், கப் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைச் சந்தேகியுங்கள். எதிரெதிர்ப் பரப்புகளுக்கு நடுவே 3 சென்டிமீட்டர் இருந்தால் நிலையலை (நடுவே சிக்கி நின்று அதிரும் ஒலி) சுமார் 5.7 கிலோஹெர்ட்ஸில் விழும், காது மிகவும் உணரும் இடத்துக்கு வெகு அருகில். உற்பத்தியாளர்கள் பாடுபடுவதெல்லாம் இதை அடக்கத்தான். சென்ஹைசர் எச்டி 820இல் டிரைவருக்குப் பின்னால் உட்குழிந்த கண்ணாடி வைத்துப் பின்பக்க ஒலியலையைத் திசைதிருப்புகிறார்கள், ஸ்டெல்த்தில் டிரைவருக்கும் காதுக்கும் நடுவே நுண்ணிய வடிவமைப்பால் ஒலியைக் கட்டுப்படுத்தும் மெட்டாமெட்டீரியல் வடிகட்டி இருக்கிறது. மூங்கில் கப், வால்நட் கப் என்றதும் ‘மரத்தின் இதமான ஒலி’ என்று எழுதிவிடும் பழக்கத்தை இங்கேயே கேட்டுக்கொள்கிறோம், விட்டுவிடுங்கள். உள்ளே எவ்வளவு இடம், என்ன கம்பளி, எவ்வளவு பஞ்சு என்பவைதான் பெரும்பங்கு வகிக்கின்றன. மரம் பெரும்பாலும் கண்ணுக்கு.

பேச்சுக் குரலையும் விடாதீர்கள். ‘ஒலி 96.8’ தமிழ் வானொலி அறிவிப்பாளரின் ஆண்குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் 200 – 400 ஹெர்ட்ஸில் தடிப்பு இருக்கிறது. பாட்டில் பக்கவாத்தியம் மறைத்துவிடும் இந்தக் குறையைத் தனிக்குரல் மறைக்காது. எஃப்எம் ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால், ட்ரெபிளை மட்டும் அதைக் கொண்டு எடைபோட வேண்டாம். நாதஸ்வரமும் தவிலும் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியின் கடுமையைக் காட்டும். ஆனால் கோயில் மண்டபப் பதிவுகளில் எதிரொலி கலந்திருக்கும், மைக்கை அருகில் வைத்து எடுத்த பதிவாகத் தேடுங்கள். திரைப்பாட்டு கேட்கலாம். ஆப்பில் உள்ள, ஒலியைச் சுற்றிலும் பரவச்செய்யும் ஸ்பேஷியல் வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

கடையின் இரைச்சல் ஒரு மறைமுகத் திருடன். மூடிய கப் ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம்தான் தடுக்கும். குளிரூட்டியின் உறுமல் அங்கேதான் இருக்கிறது. அது பேஸை மூடிவிடுவதால் ஒலியளவைக் கூட்டுகிறோம், கூட்டியதும் குரல் பகுதி கத்துகிறது. இரண்டு தவறான வரிகள் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன. கூட்டம் குறைந்த வார நாள் பிற்பகலில் போங்கள், காற்று வரும் வாய்க்கு நேரே உட்காராதீர்கள். ஒலியளவு பற்றி இன்னொன்று: உலகச் சுகாதார நிறுவனமும் ஐநா தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவும் சொல்லும் வரம்பு பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும், 89 டெசிபலில் வாரம் 5 மணி நேரம்தான். 89இல் மட்டும் சுவைக்கும் ஹெட்ஃபோன் என்றால் அதைச் சொல்லுங்கள்.

கனமும் அழகும் விலைச்சீட்டும் காதைக் கெடுக்கும் என்பதில் ஒலிக்கருவி நிறுவனமான ஹார்மனின் ஆய்வாளர்களுக்குக்கூட அச்சம் இருந்தது. ஷான் ஆலிவ் குழுவினர், பல ஹெட்ஃபோன்களின் ஒலித்தன்மையை ஈக்வலைசர் மூலம் ஒரே ஹெட்ஃபோனில் உண்டாக்கிக் கேட்கவைத்தார்கள். கையில் எது இருக்கிறது என்பது தெரியாமல் தீர்ப்புச் சொல்லட்டும் என்பதற்காக. கடையில் அது முடியாது. குறைந்தது, விலையைப் பார்க்கும் முன் குறிப்பெடுங்கள்.

“இருநூறு மணி நேரம் ஓடினால் ஒலி திறந்துகொள்ளும்” என்ற பேச்சுக்கு நீங்கள் இடம் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பேட் உப்பலாகவும் விறைப்பாகவும் இருக்கும். நாளாக நாளாக அது தாடையின் வடிவத்துக்கு இணங்கி, கசிவு குறையும், டிரைவர் காதுக்கு அருகே வரும். தலையில் கப் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே வரும் மாற்றம், டிரைவர் ‘பழகுவதால்’ வரும் மாற்றத்தைவிடப் பெரிது. ஆகவே கேட்டது புதுப் பேட்டா, பலர் மாட்டித் தளர்ந்த டெமோ பேட்டா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அதோடு எந்த ஆம்ப், எந்தத் துளை, எத்தனை நிமிடம், கண்ணாடி இருந்ததா, கடைக்காரர் இரவல் தந்ததா என்பதும் இரண்டே வரியில் அடங்கிவிடும்.

கடைசியாக நம் ஊர் விஷயம். கடையின் குளிரில் சொகுசாக இருக்கும் தோல் பேட், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் விசிறிக்கு அடியில் அரை மணி நேரத்தில் வியர்த்துவிடும். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் உள்ள இடத்தில், பாலியூரித்தேன் செயற்கைத் தோல் நீராற்பகுப்பால் செதில் செதிலாக உரியும். செம்மறித் தோல் கூடுதல் நாள் உழைக்கும், ஆனால் பூஞ்சை பிடிக்கும். கேமரா வைக்கும் உலர்பெட்டி நல்ல தீர்வுதான். அதில் 40 – 50 விழுக்காடு வையுங்கள், அதற்கும் கீழே போனால் தோல் வெடிக்கும். வெல்வெட் பேட் வியர்வையைத் தாங்கும், பேஸைக் கசியவிடும். எனவே பேட் எதனால் ஆனது, தனியாகக் கழற்ற முடியுமா, ஒட்டியிருக்கிறதா, ஒரு ஜோடி எத்தனை வெள்ளி, இங்கே கையிருப்பில் உண்டா என்று ஊழியரிடம் கேட்டு, பதிலை உங்கள் ‘முதல் கேட்பு’க்குள்ளேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூரில் ஹெட்ஃபோன் கேட்கும் தமிழர்கள் சிலர்